அடுத்த ஆள் வரும்வரை

கடன் கொடுத்தவர் போன் செய்தபோது நான் ஸ்கூடாயில் பள்ளிக்கூட வாசலில் நான் ஓட்டுகிற பள்ளி வேனை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். உச்சி வெயில். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

"ஏம்மா, குளுவாங் வீடு காலின்னு சொன்னீங்களே?"

"காலிதான் சார். பூட்டிக் கெடக்கு."

"ஆள் இருக்கே மா. இப்பதான் போய்ப் பாத்துட்டு வரேன். முன் ரூம்ல ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. மணி என்னன்னு கேட்டாரு. சொன்னேன். சரின்னுட்டு மறுபடி ஜன்னலப் பாத்துக்கிட்டாரு."

"எந்தப் பெரியவர்?"

"அது நீங்கதான் மா சொல்லணும். ஆள் இருக்கிற வீட்டுக்கு நான் தவணை நீட்ட மாட்டேன். எழுத்துல இருக்கு, மறந்துடாதீங்க."

எனக்கு எது வந்தாலும் முதலில் கோபம்தான் வரும். பயம் அப்புறம் சாவகாசமாக வந்து சேரும். எந்தக் கட்டையில போறவன் என் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மணி அடித்து, முன் சீட்டில் ஏற வந்த பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கடனை ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. குளுவாங்கிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நின்று போய், திரும்பி வரும்போது இருட்டிவிடும். ஒருநாள் ஹைவேயில் ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டார். வண்டி ஓரத்துப் புல்லில் சறுக்கியதால் முட்டி மட்டும் பெயர்ந்தது. மனுஷர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகலல்ல, விடு" என்கிறார். நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் வந்து கதவைச் சாத்தினாள். இனி குளுவாங் வேண்டாம், பாலத்துக்குப் பக்கத்தில் போய்விடுவோம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஸ்கூடாயில் வீடு அமைந்தது. ஆனால் விற்கிறவர் காத்திருக்க மாட்டார். பேங்க்கில், பழைய வீட்டை விற்றுவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றார்கள். பழைய வீட்டை விற்கப் பல மாதம் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் இந்த மாதிரித் தனியார் கடன். திருட்டு வட்டிக்கு விடுகிற ஆலோங் இல்லை, லைசென்ஸ் மாட்டி வைத்திருக்கிற ஆள்தான். குளுவாங்கில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே ஆபீஸ். நெற்றியில் சந்தனப் பொட்டு, மெதுவான பேச்சு. வீட்டுக் கிராண்டை, அதாவது பத்திரத்தை, அவரிடம் கொடுத்துவிட வேண்டும், ஒரு சாவியும் அவரிடம் இருக்கும். ஆறு மாதத்தில் பழைய வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவர் எழுதி வைத்த விலைக்கு வீடு அவருக்குப் போய்விடும். அந்த விலையை வைத்துக்கொண்டு புதிய வீட்டின் மீதியைக் கட்ட முடியாது. அதுவும் கைவிட்டுப் போகும். இரண்டு வீடும் போய் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

"இது பாலம் மாதிரி மா. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போறதுக்கு. பாலத்து மேலயே பாய் விரிச்சுப் படுத்துடாதீங்க" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டாம் மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அவருடைய முதல் நிபந்தனை. ஆள் குடியிருக்கிற வீட்டைச் சட்டென்று விற்க முடியாது என்றார்.

என் மாமனார் அப்போது உயிரோடு இருந்தார். வீடு மாறுவதைப் பற்றி அவரிடம் சொன்னபோது, "எங்க இருந்தா என்னம்மா, எனக்கு ஒரு நாற்காலி போதும்" என்றார். அவருக்கு அந்த வீட்டின்மேல் பெரிய ஒட்டுதல் ஒன்றும் கிடையாது. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எல்லாரும் அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

அவர் ஜாகா வேலை பார்த்தவர். ஒரு மரக்கிடங்கில் பல வருஷம் காவல். காலை ஏழுக்கு டியூட்டியில் ஏறி மாலை ஏழுக்கு இறங்குவார், நான்தான் வேனில் போய் ஏற்றி வருவேன். அந்த இறங்குகிற சடங்கை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அடுத்த ஆள் வந்து நிற்பான். மாமா சாவிக்கொத்தை நீட்டுவார். அவன் அதைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏறிட்டேன், நீங்க எறங்குங்க" என்று சொல்ல வேண்டும். சொல்கிற வரை மாமா சாவியை விடமாட்டார். ஒருமுறை அடுத்த ஆள் வரவே இல்லை. மாமா மறுநாள் மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு என்ன கிறுக்கா மாமா? பூட்டிட்டு வாங்க, போலாம்" என்று கத்தினேன். "அடுத்த ஆள் வராம எறங்கக் கூடாதும்மா. மணி என்னாச்சு?" என்றார். அவ்வளவுதான் பதில்.

வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. முன் அறை ஜன்னலிலிருந்து கேட் தெரியும். அங்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் வேனை எடுக்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, போயிட்டு வரேன், வீட்டப் பாத்துக்கங்க" என்பேன். "சரிம்மா" என்பார். நான் திரும்பி வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

கடன் வாங்கி ஒரு மாதம் ஆவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் நன்றாகத்தான் தேநீர் குடித்தார், மத்தியானம் கை இழுத்துக்கொண்டது. மருத்துவமனையில் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. நான் அழுத அழுகையைப் பார்த்து என் வீட்டுக்காரர்தான் என்னைத் தேற்றினார். என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு முகம் கோணாத ஒரே மனுஷர் மாமாதான்.

கருமாதி முடிந்ததும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். என் நாத்தனார் குதித்தார்.

"அப்பா செத்து ஒரு வருஷம் ஆகல, புது வீட்டுல பால் காய்ச்சப் போறீங்களா?"

"பால் காய்ச்சல அண்ணி. சாமான மட்டும் கொண்டுபோய் வைக்கிறோம். படுத்துக்கிறோம்."

"அதெல்லாம் நல்லா இல்ல."

"அப்ப நீங்களே போய்க் கடன்காரர்கிட்ட சொல்லுங்க, திதி முடியட்டும்னு. கேட்டுப்பாரா பாருங்க."

ஒரு லாரியில் சாமானை ஏற்றினோம். மாமாவின் நாற்காலிக்கு ஒரு கை உடைந்து கம்பி சுற்றியிருந்தது. லாரியில் இடமும் இல்லை. அதை முன் அறையிலேயே கவிழ்த்துப் போட்டுவிட்டேன். கதவைப் பூட்டினேன். செருப்பை மாட்டும்போது வாய் தன்னால் சொல்லிவிட்டது.

"மாமா, போயிட்டு வரேன், வீட்டப் பாத்துக்கங்க."

என் வீட்டுக்காரர் லாரியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் நின்றார். பிறகு கேட்காத மாதிரி முடிச்சைப் போட்டார். தினமும் சொல்கிற வார்த்தை, நாக்கில் பழகிவிட்டது.

இதுதான் நடந்தது. கடன்காரர் போன் செய்த அன்றைக்கு இதெல்லாம் எனக்கு ஞாபகமே வரவில்லை. எவனோ பூட்டை உடைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை நேரே குளுவாங்குக்கு விட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே பின்கதவும் ஜன்னல்களும் சாத்தியபடி இருந்தன. தரையில் தூசு. முன் அறையில் மட்டும் நாற்காலி நிமிர்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னல் துணி ஓர் ஓரமாக விலகியிருந்தது, கேட் தெரிகிற அளவுக்கு. மாமா கைகாலுக்குத் தேய்க்கிற தைலத்தின் வாடை லேசாக வந்தது. அந்த நேரத்தில் வரிசை வீடுகளோடு தாமானே அடங்கிக் கிடந்தது, எதிர்வீட்டு நாய்கூடக் குரைக்கவில்லை. நாற்காலியை மறுபடி கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் யாராவது நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டை விற்றுக்கொடுக்க ஒரு ஏஜெண்ட் பெண்ணை வைத்திருந்தோம். நல்ல சுறுசுறுப்பு, படபடவென்று பேசுவாள். அவளைக் கூப்பிட்டு நாற்காலியைத் தொட்டாயா என்று கேட்டேன்.

"எந்த நாற்காலி? தாத்தா உக்காந்திருக்காரே, அதுவா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் அக்கா. ஆள் வந்து வீடு பாக்குற அன்னிக்கு மட்டும் அவர வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க லா. எல்லாரும் முன் ரூம எட்டிப் பாப்பாங்க, அவரப் பாத்ததும் பேச்ச மாத்திக்கிட்டுக் கெளம்பிடுறாங்க. பாவம், அவரு யாரையும் ஒண்ணும் பண்றதில்ல. மணி என்னன்னு கேப்பாரு, அவ்ளோதான். உங்க சொந்தக்காரருன்னு நெனச்சேன்."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? சொன்னால் இவளும் ஓடிவிடுவாள், அப்புறம் வீட்டை யார் விற்பது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. நாத்தனாருக்குத் தெரிந்தபோது, "பாத்தியா, அப்பாவுக்கு அந்த வீட்ட விட்டு வர மனசு இல்ல. வருஷம் ஆகுறதுக்குள்ள வீடு மாறுனதுக்குத்தான் இப்படி" என்று அழுதார். அந்த வீட்டை உதறிவிட்டு வரத் தயாராக இருந்தவர் மாமா என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு காரணம் எனக்கும் தோன்றவில்லை. ஒரு பூஜை போட்டோம். அடுத்த வாரமும் யாரோ வீட்டைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டு போனார்கள். ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தூங்கவில்லை. தூங்காத மனுஷன் விடிகாலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தால், போய்ச் சேர்ந்தேன் என்று போன் வரும்வரை நான் வாசலிலேயே நிற்பேன். எதற்காக வீடு மாறினோமோ அதுவே திரும்ப வந்து நின்றது.

சிகாமட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, சாமானை மேசைமேல் ஏற்றி ஏற்றி அலுத்துப்போனவர்கள். தண்ணீர் ஏறாத வீடு என்பதால் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, விலையும் ஒத்துவந்தது. பார்த்துவிட்டுப் போன மறுநாள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஏஜெண்டிடம் நம்பர் வாங்கி அந்த அம்மாவையே கூப்பிட்டேன்.

"என்னங்க, பயந்துட்டீங்களா?"

"பயமா? எதுக்குங்க பயம்? அந்தப் பெரியவர நெனச்சாத்தான் சங்கடமா இருக்கு. எங்களப் பாத்ததும் எந்திரிச்சி நின்னாரு. 'மணி என்னாச்சு? அடுத்த ஆள் நீங்கதானா?'ன்னு கேட்டாரு. எவ்வளவு ஆசையா கேட்டாரு தெரியுமா? இல்லங்க ஐயா, நாங்க சும்மா பாக்க வந்தோம்னு சொன்னேன். மறுபடி உக்காந்துட்டாரு. வயசானவர வெளிய அனுப்பிட்டு நாங்க எப்படிங்க குடி வர்றது?"

போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டின கயிற்றைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவள் நான். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வராமல் இருந்தவளும் நான். மாமா வீட்டைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. டியூட்டியில் உட்கார்ந்திருந்தார். அலமாக், இத்தனை மாதமாக இறங்கவே இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் தனியாகப் போனேன். வீட்டுக்காரர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நாத்தனார் போனில், "அப்பாவ மட்டும் கூப்பிட்டுடாத. கூப்பிட்டா கூடவே வந்துடுவாரு" என்றார். "வந்தா வரட்டும் அண்ணி, உங்க வீட்டுக்கா வராரு?" என்று வைத்துவிட்டேன். வாய்தான் அப்படிப் பேசியது. கேட்டைத் திறக்குமுன் எதிர்வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன்.

ஏழு மணி ஆகிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம். பக்கத்து சூராவில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். முன் அறைக்குள் போனேன். நான் கவிழ்த்துவிட்டுப் போன நாற்காலி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. தைல வாடை மட்டும் மூக்கில் ஏறியது. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"மாமா, மணி ஏழு. அடுத்த ஆள் வந்தாச்சு" என்று கையை நீட்டினேன். "நான் ஏறிட்டேன். நீங்க எறங்குங்க."

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தால் ஒரு சத்தம் வரும் இல்லையா, அது கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் உட்கார்ந்திருந்த மனுஷரை இறக்கிவிட்டு அப்படியே விட்டுப்போக மனசு வரவில்லை. எங்கே போவார்? "வேன் வாசல்ல நிக்குது. வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கதவைப் பூட்டினேன். வேனின் முன் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு சாத்தினேன்.

வண்டி முனை திரும்புவதற்குள் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. முன் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் என் வேன் கீ கீ என்று கத்தும். மாமா என்றைக்கும் தானாகப் பெல்ட் போட்டதில்லை. ஒவ்வொரு நாளும் நான் திட்டி, கையை நீட்டி மாட்டிவிட வேண்டும். ஓரமாக நிறுத்தினேன். பக்கத்தில் வெறும் சீட்டுதான் இருந்தது. "இத்தன வருஷமா சொல்றேன், பெல்ட்டப் போடுங்கன்னா கேக்குறீங்களா?" என்று திட்டிக்கொண்டே மாட்டினேன். சத்தம் நின்றது. ஸ்கூடாய் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன்.

சிகாமட் அம்மாவைக் கூப்பிட்டு, பெரியவரை எங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்றேன். "அவருக்கு மனசு வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டார். மறுபடி வந்து பார்த்தார்கள். முன் அறை காலி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுடைய பேங்க் வேலை முடிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அதற்குள் என் கெடு முடிந்துவிடும். வீடு காலியாக இருந்தால் தவணை நீட்டுகிறேன் என்று கடன்காரர் ஒப்புக்கொண்டார். நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. உட்கார்ந்தால் ஜன்னல் பக்கமே உட்காரத் தோன்றியது. சாப்பிடும்போதுகூடக் குளுவாங் கேட் கண்முன் வந்து நின்றது. "எதுக்குச் சும்மா சும்மா மணி கேக்குற?" என்று ஒருநாள் வீட்டுக்காரர் கேட்டார். நான் கேட்டதே எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரத்தில் கடன்காரரிடமிருந்து போன் வந்தது. அப்போதும் நான் பள்ளிக்கூட வாசலில்தான் இருந்தேன், வேன் நிறையப் பிள்ளைகள்.

"தவணை நீட்டிட்டேன் மா. இப்பதான் வீட்டப் பாத்துட்டு வந்தேன். பெரியவர் இல்ல. உங்களத் தவிர வேற யாரும் இல்ல."

"என்னைத் தவிரவா?"

"முன் ரூம்ல உக்காந்திருந்தீங்களே மா. கூப்பிட்டேன், திரும்பல. அப்புறம் மணி என்னன்னு கேட்டீங்க. உடம்புக்கு முடியலையா?"

நான்தானே ஏறிவிட்டேன் என்று சொன்னேன்? என்னை யார் இறக்குவது? மாமா எத்தனையோ ராத்திரி அங்கே தனியாக உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சாவி கொடுக்கிற நாள் வரைக்கும் நான் நானாக இல்லை. அன்றைக்கு வீட்டு வாசலில் சிகாமட் தம்பதி, என் வீட்டுக்காரர், ஏஜெண்ட் பெண் எல்லாரும் நின்றார்கள். விற்ற பணத்தில் கடன் அடைந்து, கடன்காரர் கிராண்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, லாயர் வேலையும் முடிந்துவிட்டது. நான் சாவிக்கொத்தை நீட்டினேன். அந்த அம்மா பிடித்துக்கொண்டார். என் விரல் விடவில்லை. விட வேண்டும் என்று நினைக்கிறேன், விடவில்லை. ஏஜெண்ட் பெண் சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்தபடி லேசாக இழுத்துப் பார்த்தார்.

"ஒரு வார்த்த சொல்லணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "நான் ஏறிட்டேன், நீங்க எறங்குங்கன்னு சொல்லுங்க. தயவுசெஞ்சி சொல்லுங்கம்மா."

"அப்ப நான் எப்பங்க எறங்குறது?" என்று அவர் விளையாட்டாகக் கேட்டார்.

என் வீட்டுக்காரர்தான் பின்னாலிருந்து, "நீங்க இங்கயே குடியிருக்கப் போறீங்க. உங்களுக்கு எறங்குற வேலையே இல்ல" என்றார். அந்த அம்மா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிப்பை விட்டுவிட்டார்.

"சரிம்மா. நான் ஏறிட்டேன். நீங்க எறங்குங்க."

என் கை தானாக விட்டது. அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நான் வேனில் ஏறினேன், என் வீட்டுக்காரர் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முன் சீட்டில் மாமாவுக்கு மாட்டிவிட்ட பெல்ட் மாட்டியபடியே இருந்தது. மணி என்ன என்று யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்தேன்.